ஒற்றைப்படை நாரை விற்பனைக்கு

மேவிஸ்: அப்போ நிஜமாவே விக்கப் போறே.

வெர்னன்: மேசை எடுத்தாச்சு, பெட்டியைத் தூக்கிட்டு வந்தாச்சு, ‘சாம்பல் நாரை காமிக்ஸ், விற்பனைக்கு’ன்னு அட்டை எழுதி வச்சாச்சு. இன்னும் என்ன சந்தேகம்?

மேவிஸ்: கீழே பொடி எழுத்துல ‘ஒற்றைப்படை எண்கள் மட்டும்’னு போட்டிருக்கியே, அதைத்தான் பார்க்கறேன். விக்கணும்னு நினைக்கிறவன் இப்படி ஒளிச்சு எழுதுவானா...

வெர்னன்: ஒளிக்கலை. இடம் பத்தலை.

மேவிஸ்: யாராவது வந்தாங்களா?

வெர்னன்: வந்தாங்க... வராம என்ன.

ஹாலிஸ்: நான் சொல்றேன் மேவிஸ். பக்கத்து மேசையில உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டுதானே இருக்கேன். வர்றவன் ஒண்ணாம் நம்பரை எடுக்கறான், கண்ணு பளிச்சுனு ஆகுது. அடுத்தது மூணு. ரெண்டு எங்கேங்கறான். என் பழைய பொண்டாட்டி வீட்லங்கறான் உன் புருஷன். அவன் பெரிய கும்பிடா போட்டுட்டுக் கிளம்பிடறான்.

மேவிஸ்: பழைய புருஷன், ஹாலிஸ்.

ஹாலிஸ்: ஆமா, ஆமா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதைக் கேட்டா அது மறந்து போயிடுது.

வெர்னன்: உங்க மேசையில வியாபாரமே இல்லையா ஹாலிஸ்?

மேவிஸ்: அவரை ஏன் விரட்டறே? இந்தா, காப்பி. சர்ச் பொம்பளைங்க பியரோகிக் கொழுக்கட்டையை இப்பதான் வெண்ணெயில போட்டிருக்காங்க. வெங்காயம் தூக்கலா இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

வெர்னன்: எனக்குமா?

மேவிஸ்: மாசத்துல முதல் சனிக்கிழமை. வேற யாருக்கு வாங்குவேன்?

வெர்னன்: அது... இந்த மாசம் சந்திப்பு கிடையாதுன்னு சொல்லியிருந்தேனே.

மேவிஸ்: போன்ல ஒரு வரி. ‘நாரையை நிறுத்திட்டேன், சனிக்கிழமை வர வேணாம்.’ பால்காரனுக்குக்கூட ஜனங்க இதைவிட மரியாதையா சொல்லுவாங்க. சரி, நான் வரலை. சர்ச் அடித்தளத்துல காமிக்ஸ் சந்தைன்னு போர்டு பார்த்தேன், யார் யார் என்ன விக்கறாங்கன்னு பார்க்க வந்தேன். போதுமா?

வெர்னன்: கோவமா?

மேவிஸ்: காரணத்தைச் சொல்லு. அப்புறம் கோவமா இல்லையான்னு சொல்றேன்.

வெர்னன்: காரணம் என்ன காரணம்... நாரையைக் கெடுத்துட்டாங்க. அவ்வளவுதான்.

மேவிஸ்: இப்பவா கெடுத்தாங்க? நீ இதை நம்ம கல்யாணத்தன்னிக்கே சொன்னே. என் சித்தி உன்னை வாழ்த்த வர்றாங்க, நீ அவங்ககிட்ட நாரையோட சிறகு அங்கியைக் கதையிலேருந்து எடுத்தது எவ்வளவு பெரிய தப்புன்னு விளக்கிட்டிருக்கே.

வெர்னன்: தப்புதானே? கலங்கரை விளக்கத்து மேலேருந்து குதிக்கிறவனுக்கு அங்கி வேணும். இல்லேன்னா அவன் நாரை இல்லை, வெறுமனே விழற ஆளு.

மேவிஸ்: அங்கி கதவிடுக்குல மாட்டுச்சு, விசிறியில மாட்டுச்சு, ஒரு தடவை ரயில்ல மாட்டுச்சு. எடுத்ததும்தான் அவன் உருப்படியா ஒரு திருடனைப் பிடிச்சான்.

வெர்னன்: சரி, அங்கியை விடு. அப்புறம் அவனை மழையில நிக்க வச்சாங்களே. எட்டு வருஷம் மழை. சிரிப்பே கிடையாது, சவரம் கிடையாது. முதல்ல எப்படி இருந்தான்... மீனோட பேசுவான், தன்னைத்தானே கிண்டல் பண்ணிப்பான்.

மேவிஸ்: அந்த மழைக்காலத்துலதான் நீ தாடி வச்சே.

வெர்னன்: அது வேற.

மேவிஸ்: தாடி வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கத்துல நின்னு எரீ ஏரியைப் பார்த்துட்டு இருப்பே. நான் குப்பையை யார் கொண்டு போறதுன்னு கேட்டா பெருமூச்சு விடுவே.

ஹாலிஸ்: தாடி இவனுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

மேவிஸ்: சரி சொல்லு. மழையைத் தாங்கிட்டே. அவன் செத்துச் செத்துப் பொழைச்சதையும் தாங்கிட்டே...

வெர்னன்: முதல் தடவை செத்தப்போ நான் அழுதேன். நீயும்தான். அதுக்கப்புறம் அவன் செத்தா பேப்பர்காரன் ஒரு நாள் லீவு போட்ட மாதிரி ஆயிடுச்சு.

மேவிஸ்: எல்லாத்தையும் தாங்கினவன் இப்போ எதைத் தாங்க முடியாம விக்கறே? நாரையோட பொண்டாட்டி ரோசலிண்ட் அவன் முகமூடியைப் போட்டுக்கிட்டாங்கறதுக்கா? பொம்பளை நாரை ஆகக் கூடாதா?

வெர்னன்: அந்தப் பேச்சே இல்லை, நான் சொல்லாததைச் சொன்னதா ஆக்காதே. ரோசலிண்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா சொல்லியிருக்கேனா? அவளை முதல்லயே நாரையாக்கியிருக்கலாம்னு சொன்னவனே நான்தான்.

மேவிஸ்: நான் சொன்னேன்.

வெர்னன்: நீ சொன்னே, நான் தலையாட்டினேன். என் கோவம் கல்யாணத்து மேல. நாரைக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்! ஒரே ஒரு இதழ்ல, எவனோ ஒரு புது எழுத்தாளன் வந்து, காலத்தைத் திருப்பி வச்சு, கல்யாணமே நடக்கலைன்னு ஆக்கிட்டான். சண்டை இல்லை, பிரிவு இல்லை. நடக்கவே இல்லையாம். அவளுக்கு இவன் யாருன்னே தெரியாதாம். அவன் தொலைஞ்சு போறான், இவ அவன் முகமூடியைக் கண்டெடுத்து மாட்டிக்கறா, இது எவனோடதுன்னு யோசிக்கக்கூட இல்லை...

மேவிஸ்: வெர்னன்...

வெர்னன்: பிரிஞ்சு போறது வேற விஷயம். அது நடக்கும், மனுஷங்களுக்கு நடக்கும். ஆனா இல்லவே இல்லைன்னு சொல்றது... அதை என்னால படிக்க முடியலை மேவிஸ்.

மேவிஸ்: ம்.

ஹாலிஸ்: வெர்னன், நான் ஒண்ணு சொல்றேன். இந்த அரைப்பெட்டியை இந்த ஊர்ல யாரும் வாங்க மாட்டாங்க. என் மேசைக்குத் தள்ளிவிடு, மொத்தமா நான் எடுத்துக்கறேன். மதியத்துக்குள்ள சொல்லு, அப்புறம் நான் கடையைக் கட்டிருவேன்.

மேவிஸ்: இருங்க ஹாலிஸ். நான் எடுத்துக்கறேன். என்கிட்ட ரெட்டைப்படை இருக்கு. இதுவும் சேர்ந்தா முழுசாயிடும்.

வெர்னன்: உனக்கு விக்க மாட்டேன்.

மேவிஸ்: ஏன்? என் காசு செல்லாதா?

வெர்னன்: ஹாலிஸுக்கு விப்பேன். ரோட்டுல போறவனுக்கு விப்பேன். உனக்கு மட்டும் மாட்டேன்.

மேவிஸ்: ஓ... இன்னும் அந்த வக்கீல் ஆபீஸ் கோவமா? ஒத்தை ரெட்டைன்னு பிரிச்சது உன் யோசனை, ஞாபகம் இருக்கட்டும்.

வெர்னன்: உன் யோசனை. முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்குன்னுதான் நான் சொன்னேன். பழசெல்லாம் உனக்கா, மழையில நிக்கற ஆளெல்லாம் எனக்கான்னு நீதான் குதிச்சே.

மேவிஸ்: நியாயமாத்தானே குதிச்சேன்.

வெர்னன்: வீட்டை ஒரு நிமிஷத்துல பிரிச்சோம். காரை அரை நிமிஷத்துல. நாரைக்கு ஒரு மத்தியானம் பூரா. கடைசியில ஒண்ணு எனக்கு, ரெண்டு உனக்கு, மூணு எனக்குன்னு நாம எண்ண ஆரம்பிச்சதும் அந்த வக்கீல் பேனாவைக் கீழே வச்சுட்டுப் பார்த்தாரே ஒரு பார்வை...

மேவிஸ்: ‘நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா பிரியத்தான் வேணுமா’ன்னு கேட்டார்.

வெர்னன்: கேட்டார்.

மேவிஸ்: நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆமான்னோம்.

வெர்னன்: வேற எதுலயும் ஒத்துப்போகலை, அதுல ஒத்துப்போனோம்.

மேவிஸ்: சிரிக்காதே. எனக்கு ஏன் விக்க மாட்டே, அதைச் சொல்லு.

வெர்னன்: முழுசாயிடுச்சுன்னா... அப்புறம் நீ எதுக்கு சனிக்கிழமை வரப்போறே?

மேவிஸ்: வர மாட்டேன்னு யார் சொன்னா?

வெர்னன்: போன மாசம் நீதானே சொன்னே. நாரை மொத்தமும் தடித்தடி தொகுதியா வரப்போகுது, இனிமே பெட்டியைச் சுமந்துட்டு வந்து இதழை மாத்திக்கற வேலையே இல்லைன்னு. சந்தோஷமாச் சொன்னே. நான் அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டேன். நீயா வராம நிக்கறதுக்கு முன்னாடி நானே நிறுத்திட்டா கொஞ்சம் வலி கம்மியா இருக்கும்னு பார்த்தேன்.

மேவிஸ்: அட மடையா.

வெர்னன்: என்ன?

மேவிஸ்: தொகுதி வருதுன்னு சொல்லிட்டு உன் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தேன். ‘அதெல்லாம் வேணாம் மேவிஸ், நம்ம பழக்கம் இருக்கட்டும்’னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு. நீ தலையை ஆட்டிட்டு என் தட்டுல இருந்த பியரோகியையும் எடுத்துத் தின்னே.

வெர்னன்: அது... பதட்டத்துல தின்னது.

ஹாலிஸ்: மதியம் ஆகப்போகுது. பெட்டி வருதா, வரலையா?

வெர்னன்: கொஞ்சம் பொறுங்க.

மேவிஸ்: இங்கே பாரு. நீ கதையை வெறுக்கறதுனாலதான் விக்கறேன்னா நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் ஒண்ணு நினைக்கிறேன். எழுத்தாளன் அழிச்சானே தவிர, அது முழுசா அழியலை. படம் வரையறவன் அழிக்க விடலை.

வெர்னன்: அதை ஒத்துக்கறேன். அந்தப் படக்காரன் கெட்டிக்காரன். கடைசிப் பக்கத்துல ரோசலிண்ட் களைச்சுப்போய் கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பி வர்றா, தண்ணி கொதிக்க வைக்கறா. அலமாரியிலேருந்து அவ கை பாட்டுக்கு ரெண்டு கோப்பையை எடுக்குது. ரெண்டாவது யாருக்குன்னு அவளுக்கே தெரியலை. அதையே பார்த்துட்டு நிக்கறா. ஒரு வசனம் கிடையாது. அதை மூடி வைக்க எனக்கு மனசே வரலை...

மேவிஸ்: எனக்கும்தான். வெர்னன்...

வெர்னன்: அந்த ஒரு பக்கத்துக்காக எல்லாத்தையும் மன்னிச்சிடலாம்னு...

மேவிஸ்: வெர்னன், அது இந்த மாச இதழ்.

வெர்னன்: ஆமா.

மேவிஸ்: இந்த மாசம் ரெட்டைப்படை. வாங்கறது என் முறை. படிச்சுட்டு என் பையில வச்சிருக்கேன். இன்னும் உன் கையில குடுக்கலை.

வெர்னன்: உன் முறையா...

மேவிஸ்: நாரையைத்தான் நிறுத்திட்டியே. எங்கே பார்த்தே அந்தக் கோப்பையை?

வெர்னன்: கடையில... நின்னுக்கிட்டே புரட்டினேன்.

ஹாலிஸ்: என் கடையில நின்னுக்கிட்டுப் புரட்ட நான் விடறதில்லை.

வெர்னன்: ஹாலிஸ்.

மேவிஸ்: வாங்கினியா?

வெர்னன்: புதன்கிழமை. கடை திறந்ததும்.

மேவிஸ்: இது ஒண்ணு மட்டும்தானா?

வெர்னன்: ...இல்லை.

மேவிஸ்: எத்தனை?

வெர்னன்: எல்லாம். பிரிஞ்ச அந்தக் குளிர்காலத்துலேருந்து. பழைய ரெட்டைப்படையையும் தேடித் தேடி வாங்கிட்டேன். என் அலமாரியில ஒண்ணுலேருந்து கடைசிவரைக்கும் வரிசையா இருக்கு. நீ மாசாமாசம் கொண்டு வந்து குடுக்கற இதழை நான் புதுசாப் படிக்கற மாதிரி படிச்சேன். சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சேன். நீ எதிர்ல உட்கார்ந்து, நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்னு எட்டிப் பார்ப்பியே... அதுக்காக. போதுமா? இப்போ சிரி.

மேவிஸ்: சிரிக்கலை.

வெர்னன்: சிரிக்கறே.

மேவிஸ்: இது வேற சிரிப்பு. ஹாலிஸ், பெட்டி விற்பனைக்கு இல்லை. அந்த அட்டையை எடுத்துடுங்க.

ஹாலிஸ்: அப்பாடா. எங்கே நிஜமாவே என் தலையில கட்டிடுவானோன்னு பயந்துட்டு இருந்தேன்.

வெர்னன்: என்ன அப்பாடா? நீங்கதானே மதியம் மதியம்னு அவசரப்படுத்தினீங்க?

ஹாலிஸ்: யாராவது அவசரப்படுத்தலேன்னா நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கறதுக்குள்ள நாரை இன்னொரு தடவை செத்துப் பொழைச்சிருக்கும். மேவிஸ், இப்பவாவது சொல்லிடும்மா. ரெண்டு பேருக்கும் நானே வித்துட்டு, இவன் ரகசியம் உனக்குத் தெரியக் கூடாது, உன் ரகசியம் இவனுக்குத் தெரியக் கூடாதுன்னு என்னால இனிமே மறைச்சு வைக்க முடியாது.

வெர்னன்: இவளுக்கு என்ன ரகசியம்?

மேவிஸ்: உன்னோட ஒத்தைப்படை எல்லாம் என் வீட்லயும் இருக்கு வெர்னன், நீ எனக்குக் கொண்டு வந்து காட்டறதுக்கு முந்தின புதன்கிழமையே வாங்கினது, வா, பியரோகி ஆறுது, போன மாசம் நீ தின்ன என் பங்குக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கேன்.