வெப்பம் எந்தப் பக்கம் திரும்பியது

டீ அப்படியே இருக்கட்டும், சார். நான் எப்போதும் ஆறவிட்டுத்தான் குடிப்பேன். "அண்ணனுக்குச் சூடே ஆகாது, கோபத்தைக்கூட ஆறவச்சுத்தான் எடுப்பாரு" என்று என் தங்கை கிண்டல் செய்வாள். ஆனால் என் தொழிலே வெப்பம்தான்.

புரியும்படி சொல்கிறேன். நாங்கள் ஆராய்கிற படிகத்தில் மின்சாரம் ஓடாது. அதற்குள் குட்டிக் குட்டிக் காந்தங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று தலையாட்டினால் அடுத்ததும் ஆட்டும். அந்த ஆட்டம் அலையாகப் போகும். அந்த அலைக்கு மேக்னான் என்று பெயர். வெப்பத்தைச் சுமப்பது அதுதான். சில படிகங்களில் அது நேராகப் போகாமல் ஒரு பக்கமாகத் திரும்பி, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் ஓடும். வழியில் பள்ளம் மேடு இருந்தாலும் பின்வாங்காது. ஒரு முனையைச் சூடாக்கினால் வெப்பம் இடது ஓரத்துக்குப் போகிறதா, வலது ஓரத்துக்கா என்பதுதான் கேள்வி. இடது என்று உலகத்துக்குச் சொன்னவன் நான். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இந்த ஆய்வுக்கூடம், பதவி, போகிற இடமெல்லாம் எழுந்து நிற்கிற மரியாதை, எல்லாம் வந்தது.

மாப்பிள்ளையை நான்தான் வேலையில் சேர்த்தேன். என் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். கெட்டிக்காரன், சூது வாது தெரியாதவன். சூது தெரியாதவனோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டால்தான் தெரியும்.

அன்று மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே வந்தான்.

"மச்சான், கூத்தைக் கேட்டீங்களா? ரெண்டு தெர்மாமீட்டர் ஒயரும் ஆரம்பத்துலேர்ந்தே இடம் மாறிக் கிடக்கு. நாம இடதுன்னு சொன்னதெல்லாம் வலது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா, மாப்பிள்ளே?"

"உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போறேன்? நாளைக்கு ஒயரைச் சரியா மாட்டி ஒருதடவை அளந்துடுவோம். நாமளே திருத்தி வெளியிட்டா நமக்குத்தான் பெருமை. தப்பு பண்ணாதவன் யாரு மச்சான்?"

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாய்ந்திருந்தால்கூடத் தேவலை. இவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டப்பாவில் மிச்சமிருந்ததை வழித்துத் தின்றான். எனக்கு வயிறு எரிந்தது. ஆறட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலை, அளவெடுக்கும் அறையின் காற்றுப்போக்கியை நிறுத்தினேன். அது அதிர்ந்தால் படிகம் சூடாகும், உண்மைதான். மூச்சுக்காற்று குறைந்தால் அலறும் கருவியையும் அணைத்தேன். அது காரணமில்லாமலும் அலறும், அதுவும் உண்மைதான். காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் வெளியேறுகிற குழாயை ஏற்கெனவே பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். இதையெல்லாம் அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முன்பு உங்களிடம் சொன்னேன். எனக்கு மறதி கிடையாது, சார்.

அவன் ஒயரைச் சரியாக மாட்டிவிட்டு உள்ளேயே இருந்தான். நான் வெளியே, காந்தத்தை இயக்கும் மேசையில். ஒருமுறை அளந்ததும், சரிபார்க்கக் காந்தத்தின் திசையைத் திருப்பி மறுபடி அளப்போம். அதை மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் காந்தத்தின் கம்பிச்சுருள் சூடாகி, ஹீலியம் மொத்தமும் ஒரேயடியாகக் கொதித்து அறையை நிரப்பிவிடும். மூச்சுவிடக் காற்று மிஞ்சாது. முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தருகிற பாடம் இது. அவனுக்குச் சொல்லித்தந்தவன் நான்.

"மச்சான், எந்தப் பக்கம்?" என்று ஒலிபெருக்கியில் கேட்டான்.

திரையைப் பார்த்தேன். இடது என்று வந்திருந்தால் மெதுவாகவே திருப்பியிருப்பேன். நான் நியாயமான ஆள். முடிவைப் படிகத்திடம்தான் விட்டிருந்தேன்.

"வலது, மாப்பிள்ளே. நீங்க சொன்னதுதான் சரி."

உள்ளே கைதட்டினான். அதற்குப் பிறகு வேகமாகத் திருப்பினேன்.

விபத்து என்றுதான் நீங்களும் எழுதினீர்கள். நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். நேற்று எங்கோ ஒரு ஆய்வுக்கூடம் வலது என்று வெளியிட்டுவிட்டது. ஊருக்கே தெரிந்துபோனது. அவன் செத்தது வீண். எனக்கு வருத்தம் அதில்தான். இனி எதைக் காப்பாற்ற என்று நானே வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள், நான் இரண்டு கையாலும் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள். உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது. தங்கை இன்று காலைகூட அந்தக் கைக்கு மருந்து போட்டுவிட்டாள். "எங்க அண்ணன் தன் உயிரைக் கொடுத்து இழுத்தாரு" என்று துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. என் பலத்தையெல்லாம் கூட்டித்தான் இழுத்தேன். உள்ளேயிருந்து அவனும் இழுத்தான். வாழ்நாள் முழுக்க எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டே பிழைத்தவன் நான். அன்று என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கதவு வெளியிலிருந்து தள்ளினால் திறப்பது, சார்.