ஆளில்லாமல் உருண்ட கேரவன்

தையல்காரக்கா என்றால்தான் எங்கள் தெருவில் என்னைத் தெரியும். விலாசம், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் என் தம்பியின் வீட்டு மாடி அறை. வயது நாற்பத்தெட்டு என்று முதலில் ஏட்டிடம் எழுதச் சொன்னது பொய், ஐம்பத்திரண்டு. வண்டி உருண்டபோது நான் அதன் குளியலறையில் உடம்பெல்லாம் சோப்போடு நின்றேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் கூச்சமாக இருக்கும்.

தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள், நான் ஆக ஐந்து பேர் வாடகைக் கேரவனில் இந்தப் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தோம். வருஷமெல்லாம் பஸ் ஓட்டுகிறவன் லீவுக்கும் வண்டிதான் ஓட்டினான். தம்பி மனைவி எந்தக் கல்லைக் கண்டாலும் பக்கத்துப் பலகையை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் நகர்வாள். அரண்மனை, கல்லறை, மறுபடி அரண்மனை என்று நடந்து என் கால்கள் யாருடையவோ போல ஆகிவிட்டன. வண்டியில் இருந்தது ஒரே குளியலறை. பெண்கள் உள்ளே போனால் கிணறு வெட்டிவிட்டுத்தான் வருவார்கள். எனக்கு முறையே வரவில்லை. ஆகையால் இன்று முட்டி வலி என்று பொய் சொல்லி வண்டியிலேயே இருந்துகொண்டேன்.

தம்பி வண்டியைக் கோட்டைக்கு மேலே சரிவான தெருவில், முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு மரக்கட்டையும் முட்டுக் கொடுத்தான். வண்டிச் சொந்தக்காரர், "கை பிரேக் கொஞ்சம் தளர்ச்சி, கட்டை போடாம விடாதீங்க" என்று சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு அவர்கள் நால்வரும் கோட்டைக்குப் போனார்கள்.

குளியலறைக் கதவின் கொக்கி உடைந்திருந்ததால் சரிவில் கதவு தானாகத் திறந்துகொண்டது. எதிரே திரையில்லாத பெரிய ஜன்னல். ஊர் பார்க்க வந்தவர்கள் எங்கள் வண்டியையும் பழம்பொருள் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். அதனால் நான் இறங்கிப் போய் அந்தக் கட்டையை உருவி வந்து, உள்ளேயிருந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் குளித்தேன். எடுக்கும்போது வண்டி அசையவில்லை. கட்டை இன்னும் குளியலறையிலேயே ஈரமாகக் கிடக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு வண்டி பின்னோக்கி நகர்ந்தது. தம்பி வந்து வண்டியை எடுக்கிறான் என்று நினைத்து, "டேய், அக்கா குளிக்கிறது தெரியல? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களையும் இப்படித்தான் உருட்டிக்கிட்டுப் போறியா?" என்று கத்தினேன். பதில் வரவில்லை. நான் எது சொன்னாலும் அவன் பதில் சொல்வதில்லை என்பதால் சந்தேகம் தோன்றவில்லை. "கண்ண முகத்துல வச்சிருக்கியா, முதுகுல வச்சிருக்கியா?" என்றும் கேட்டேன். அதன் பிறகு தொப்பிக் கடை ஒன்று சாய்ந்து, வண்டி கோட்டை வாசல் கல்தூணில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன். ஓட்டுகிற இருக்கையில் சின்னவளின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே ஒரு பெண் ஓட்டுநரைத் திட்டியதாகவும், ஓட்டியவன் குதித்து ஓடிவிட்டதாகவும் தொப்பிக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். திட்டியது உண்மை. ஓடுவதற்கு ஆள் இல்லை. வண்டி பின்பக்கமாக வந்ததால் அவருக்கு முன் இருக்கை தெரிந்திருக்காது. தம்பி அப்போது கோட்டைத் தோட்டத்து பெஞ்சில் படுத்துத் தூங்கினான். மனைவியும் பெண்களும் பலகை வாசிக்கப் போய்விட்டதால் அவன் தூங்கியதைப் பார்த்த சாட்சி கிடையாது. ஏட்டு என்னிடம், "ஆளே இல்லாம யாரைம்மா திட்டினீங்க?" என்று கேட்டார். "அவனைத்தான். அவன் இல்லாதப்பவும் திட்டுவேன், பழகிப்போச்சு" என்றேன்.

வழக்கு அவன் பேரில் போனால் பள்ளிக்கூடத்தில் பஸ் சாவியை வாங்கிக்கொள்வார்கள். ஐந்து பேர் சாப்பாடும் அந்த பஸ்ஸில்தான் வருகிறது. கட்டையை எடுத்தது நான், என் பேரில் எழுதிக்கொள்ளவும். என்னிடம் லைசென்ஸ் கிடையாது, பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாரும் மிரட்டிச் சொன்னதும் அல்ல.

(ஒப்பம்)

கூடுதல் வாக்குமூலம்: அதன் பிறகு உதவி ஆய்வாளர், "சரிம்மா, உங்க தம்பி மேல தப்பு இல்ல. வழிய விட்டு வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார். தம்பி ஏறி வண்டியை முன்னால் எடுத்தான். எதிரே நின்ற காவல் ஜீப்பின் இடது விளக்கு உடைந்தது. அந்தச் சமயம் வண்டியை ஓட்டியது என் தம்பிதான். நான் வெளியே நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை.

(ஒப்பம்)