கடைசியாகக் கழற்றியது

ரீஸ்டார்ட் செய்து பார்க்காமல் நான் எதையும் செய்யவில்லை, சார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அப்போது கையில் இருந்தது ஒரு மூன்று மாடி மருத்துவமனை. கீழே அஸ்திவாரம் போட்டுத் தூண்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. மேல்மாடிகளின் வரைபடம் இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் திரை வேறு நிறத்தில் இருந்தது. என் மனைவியின் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாப்ள, ஏதோ புதுசா மாத்தட்டுமான்னு கேட்டுச்சு. பாவம், ரொம்ப நாளா கேக்குதேன்னு சரின்னு தட்டிட்டேன்."

மச்சான் நல்ல மனிதர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேலை போனதிலிருந்து எங்களோடுதான் இருந்தார். சும்மா சாப்பிடக் கூடாது என்று எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டுப் போக மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்று, நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டே ஆரஞ்சு உரிப்பார்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஹேங் ஆகத் தொடங்கியது. சின்ன வட்டம் ஒன்று சுற்றும். கொஞ்ச நேரத்தில் அந்த வட்டமும் நின்றுவிடும். மருத்துவமனையின் மாடிப்படி பலமுறை காணாமல் போனது. மறுபடி மறுபடி வரைந்தேன். மேஸ்திரி போன் செய்து, "படம் எங்க சார்? ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி.

"சார், கனெக்ட் ஆகியிருக்கறத எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் பாருங்க. எத எடுத்ததும் சரியாகுதோ, அதுதான் பிரச்சன."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. பிரிண்டரைக் கழற்றினேன். ஸ்பீக்கர், கேமரா, இரண்டாவது திரை எல்லாம் போயின. மெமரியை எடுத்துத் துடைத்து மாட்டினேன். பழைய டிரைவர் புரோகிராமைப் போட்டேன். அப்படியும் வட்டம் நின்றது. அதே மின்சாரத்தில்தானே ஃபிரிட்ஜும் ஓடுகிறது என்று அதையும் நிறுத்தினேன். மனைவி பாலைக் கொட்ட வேண்டியிருந்தது. மீன்தொட்டி மோட்டாரையும் நிறுத்தினேன். மீன்கள் விஷயத்தில் மகள் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

அடுத்து மனைவியையும் மகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். அவர்கள் போன பிறகும் ஹேங் ஆனது. அவர்கள் மேல் தப்பில்லை என்று தெரிந்து நிம்மதியாகத் திரும்ப அழைத்துக்கொண்டேன். குடும்பம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஒரு நாள் மச்சான் முடி வெட்டப் போனார். காலை முழுக்க கம்ப்யூட்டர் தடங்கலில்லாமல் ஓடியது. மாடிப்படி முடிந்தது. ஆபரேஷன் அறைக்குப் பாதிச் சுவர் போட்டுவிட்டேன். கதவு திறந்தது. "மாப்ள, டீ போடவா?" என்றார். வட்டம் நின்றது.

அப்போதும் நான் நிதானம் தவறவில்லை. அவரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தேன். அதாவது, ஆரஞ்சுத் தோலைக் காரணம் காட்டிச் சண்டை பிடித்தேன். அவர் முகம் வாடி, பையை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனார். பிறகு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தேன். வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கோவப்பட்டதுல தப்பே இல்ல மாப்ள" என்று கண்கலங்கினார். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன். திரும்பிப் பார்த்தால் திரை உறைந்திருந்தது.

வேறு எங்காவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு புரோகிராமை முடக்கி மட்டும் வைத்தால், என்றைக்காவது அது தானாகவே திரும்ப ஓட ஆரம்பித்துவிடும். மச்சானும் அப்படித்தான். போன இடத்திலெல்லாம் இருந்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துசேர்வார். அடியோடு நீக்கினால்தான் முடியும்.

கீழ்த்தளத்தில் கடைசித் தூணை அகலமாக்கி வரைந்து அனுப்பினேன்.

"இந்தத் தூண் மட்டும் எதுக்கு சார் இவ்ளோ தடியா இருக்கு?" என்றார் மேஸ்திரி.

"மேல லோடு ஜாஸ்தி" என்றேன்.

காங்கிரீட் போடும் நாள் காலையில் மச்சானைக் கட்டடம் காட்ட அழைத்துப் போனேன். என் வேலையை இத்தனை நாள் திரையில் மட்டும்தானே பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சாரத்தில் ஏறி, அந்தத் தூணின் பலகை அடைப்புக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னேன். சொன்ன பேச்சை அவர் தட்டியதே இல்லை. எட்டிப் பார்த்தார்.

"நல்ல ஆழம் மாப்ள" என்றார்.

தள்ளினேன். தவறி விழுந்தார் என்று எழுத வேண்டாம், அது உண்மையாகாது. உள்ளிருந்து ஒருமுறை என்னைக் கூப்பிட்டார். கலவை லாரி ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தது. அதன் சத்தம் எப்போதுமே அதிகம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று மாலைக்குள் மூன்று மாடியையும் முடித்தேன். ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை. "அண்ணன் போனே எடுக்க மாட்டேங்குறாருங்க" என்று மனைவி என் பின்னால் நின்று அழுதாள். அப்போதும் ஆகவில்லை. பின்னால் ஆள் நிற்பது காரணமில்லை, அவர் நிற்பதுதான் காரணம் என்று அதிலிருந்தும் உறுதியானது.

நீங்கள் காட்டும் தாளை நானும் படித்திருக்கிறேன், சார். அதே நாள் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு சின்ன அப்டேட் வந்தது. சில கம்ப்யூட்டர்கள் உறைந்துபோகும் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று அதன் கீழே ஒரு வரி. வேலையைத் தொடங்குமுன் அதையும் போட்டுக்கொண்டேன், போடாமல் இருப்பானேன். ஆனால் சரியானது அதனால் இல்லை. அதனால்தான் என்றால், நான் எதற்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கப் போகிறேன்?