வில்மாவின் எட்டாவது வளையம்

அவைக்கு அச்சாணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் லம்பெர்ட் அவர்களே! வட்டுத் தொழிற்சாலைக்கு வாலிபத்தைக் கொடுத்துவிட்டு வழுக்கையோடு வீடு திரும்பிய பெரியோர்களே! காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் தந்துவிட்டு டப்பாவைப் பட்டென்று மூடும் ஐந்தோவன் நகரத்துத் தாய்மார்களே! சோதனைக்கூடத்துத் தேயோவின் வணக்கம்.

சி.டி. பதிவு வட்டுகளுக்குள் என்ன வேறுபாடு? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. ஆர்டபிள்யூ வட்டா? அழிக்கலாம், எழுதலாம், ஆயிரம் முறை அழித்து எழுதலாம்! ஆர் வட்டா? லேசரால் சுட்டது சுட்டதுதான், அழியாது! ஆனால் இனி எழுத முடியாதபடி மூடி முத்திரை இடும்வரை, மிச்ச இடத்தில் மேலும் மேலும் சேர்க்கலாம். சேர்த்ததெல்லாம் அடிப்பக்கத்தில் வளையம் வளையமாய்த் தெரியும். என்ன, முன்வரிசையில் கொட்டாவியா? பொறுங்கள் ஐயா, இனி வராது!

மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே நண்பர் யோஸ்ட், அவர் மனைவி வில்மாவின் பிறந்தநாளை ஆண்டுதோறும் பதிவு செய்தார். நாற்காலிகளை வட்டமாய்ப் போட்டு, வந்தவரெல்லாம் பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, ஒருவரையொருவரும் வாழ்த்தும் நம் வழக்கமான சத்தம்தான். ஏழு ஆண்டு, ஏழு வளையம். ஆர் வட்டு. முத்திரை இடவில்லை.

பிறகு ஒரு மார்ச்சில் வில்மா போய்விட்டார். யோஸ்ட்டின் பதிவுக் கருவியும் பழுதாகி, என் மேசையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மே மாதம், வில்மாவின் பிறந்தநாளன்று, பட்டப்பகலில் யோஸ்ட் வட்டோடு வந்தார்.

"வளையத்தை எண்ணிப் பாருடா, தேயோ."

எண்ணினேன். எட்டு!

"வேற மெஷின்ல ஏத்துனியாடா?"

"பீரோவுலயே இருந்துச்சுடா. சாவி என் பாக்கெட்ல."

ஓடவிட்டோம். நாற்காலிகள் இழுபடும் சத்தம். கோப்பைகளின் சத்தம். பிறகு வில்மாவின் குரல்: "யோஸ்ட், உனக்கும் நாற்காலி போட்டாச்சு. காப்பி ஆறுது. வாயேன்."

யோஸ்ட்டின் முகம் மலர்ந்தது; அந்தக் குரலைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"மூடிடாதேடா. அடுத்த வருஷமும் பேசுவா."

"அடுத்த வருஷம் கேக்க நீ இருக்க மாட்டேடா, மடையா!"

அவர் அழுதார். நானும் அழுதேன். கடைசியில் என் கருவியில் வட்டைப் போட்டு, முத்திரைப் பொத்தானை அவரே அழுத்தினார்.

அன்பர்களே! அழிக்க வேண்டுமா? வேண்டாம்! மறக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! வைத்திருங்கள், வாழ்நாளெல்லாம் கேளுங்கள். ஆனால் முத்திரையிட்டுக் கேளுங்கள்! இருப்பவரை இங்கே இருக்க விடுங்கள்!

இன்று மறுபடி வில்மாவின் பிறந்தநாள். வரும்போது வட்டைப் பார்த்தேன், எட்டு வளையம்தான். கைதட்டுங்கள்!

யோஸ்ட், நீங்கள் ஏன் தட்டவில்லை? பக்கத்து நாற்காலியில் மேலங்கியைப் போட்டு இடம் பிடித்திருக்கிறீர்களே, யாருக்கு? தாய்மார்களே, அங்கே காப்பி ஊற்றியது யார்? யாரும் ஊற்றவில்லையா? கோப்பையில் ஆவி பறக்கிறதே!

சரி. நம் ஊர் வழக்கத்தை விட முடியுமா? யோஸ்ட், உன் மனைவியின் பிறந்தநாளுக்கு உனக்கு வாழ்த்து. அந்த நாற்காலிக்கும் வாழ்த்து. வில்மா, இவனை இன்னும் கொஞ்ச காலம் எங்களிடமே விட்டு வை.

பொறுமையாய்க் கேட்ட எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.