'நிறுத்துவது யார்?' என்று கேட்கக் கற்பித்தவருக்கு

சொல்லுக்குள் ஒளிந்திருப்பவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லித் தந்தவரே, பன்மொழி மாணவர்க்குப் பகுத்துப் படிக்கும் பார்வை தந்த பேராசிரியப் பெருந்தகையே, வணக்கம்.

பாராட்டு ஒரு பிழையில் தொடங்குவதைப் பொறுத்தருள்க. பிழை செய்தவரும் இம்மடலை வரைந்தவரும் ஒருவரே: எந்த வாக்கியத்தையும் முடிக்காததால் துறையினர் 'காற்புள்ளி' என்றழைக்கும் இளைய விரிவுரையாளர். மூன்றாண்டுகளுக்கு முன், தங்கள் வாசிப்பு வகுப்பு 'மறுஆய்வு செய்யப்படும்' என்று அறிவிப்பு அடிக்க வேண்டியவர், நகல் இயந்திரச் சேவை நிறுத்தப்படுவதாகச் சொன்ன பழைய அறிவிப்பின் மேலேயே அடித்து, 'நிறுத்தப்படுகிறது' என்ற சொல்லை மாற்ற மறந்தார். திருத்தப் பதறி ஓடியவருக்கு டீன் அலுவலகம் சொன்னது: "ஒட்டியாச்சுல்ல, அப்படியே இருக்கட்டும்." இருபத்தாறு ஆண்டு உழைப்பு ஒற்றைச் சொல்லில் ஊசலாடியது.

தாங்கள் சினக்கவில்லை. அறிவிப்பைப் பலகையிலிருந்து பிய்த்து வந்து அன்றைய பாடமாக வைத்தீர்கள். பதினோரு தாய்மொழிகள் அமர்ந்திருந்த அறையில் எல்லோரும் தத்தம் மொழியில் பெயர்க்க, கடைசி வரிசை மாணவி மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க மொழில இத எழுத முடியல மேடம். செய்றவர் பேர் இல்லாம வாக்கியமே நிக்காது."

"அப்ப என்ன செய்யலாம்?"

"போய்க் கேட்டுட்டு வரேன்."

'இவ்வகுப்பை நிறுத்துபவர்' என்றெழுதி, எதிரே இடம்விட்ட தாளோடு முப்பத்துநான்கு பேர் மாடிப்படி ஏறினர். டீன் பாடத்திட்டக் குழுவைக் காட்டினார். குழு டீனைக் காட்டியது. பதிவாளரோ, "எல்லாம் விதிம்மா" என்றார். "விதிக்குக் கையெழுத்துப் போட வருமா சார்?" என்றார் மாணவி. பெயரெழுத ஒருவரும் துணியவில்லை. நான்காம் நாள் அறிவிப்பே திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றவர் யாரென்றும் தங்கள் மாணவர்கள் கேட்டார்கள் என்பதைப் பெருமிதத்தோடு பதிவு செய்கிறோம்.

மொழி கலந்தால் சிவப்பு மையால் சுழித்த காலத்தில், அக்கலப்பையே கருவியாக்கிக் கையில் கொடுத்த கூர்மதியீர், இன்று நூற்றிருபது பேர் அவ்வகுப்பில் இடம் கேட்டு நிற்கிறார்கள். தாங்கள் பணி ஓய்வு பெற்றபின் எடுத்து நடத்த ஆளில்லையேல், இம்முறை அறிவிப்பே இன்றி வகுப்பு நின்றுவிடும். துறை காற்புள்ளியைக் கைகாட்டியது. அவரோ தங்களைப் பார்த்தார். பார்த்து என்ன பயன்? கேள்விக்குக் கேள்வியே தங்கள் வழக்கம். "டீயா காபியா மேடம்?" என்றால்கூட, "இந்த ரெண்டுதான்னு யார் முடிவு பண்ணாங்க?" என்பீர்கள்.

நாளிதழோடு நாள்தோறும் மல்லுக்கட்டி, நலங்குன்றா உடலோடும் நகை மாறா முகத்தோடும் நெடுங்காலம் வாழ்க என்று உளமார வாழ்த்துகிறோம்.

நேற்று மாலை, அறையைக் காலி செய்துகொண்டிருந்த தங்கள் முன் வந்து நின்றார் காற்புள்ளி.

"மேடம், பயமா இருக்கு. இந்த வகுப்ப என்னால நடத்த முடியுமா?"

புத்தகப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"முடியும். பெட்டிய அந்தப் பக்கம் பிடிங்க."

அன்பில் அகலாத,
மொழித்துறைப் பணியாளர்கள்