பம்புசெட்டுக்குள்ளே ஒரு பிரபு

இப்பச் சொல்லப் போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும், நாளைக்குக் காலையில இந்தக் கலியாணத்துல எனக்கு எலை போட வேண்டாம். போட்டிருந்தாலும் பந்தியிலிருந்து எழுப்பி விட்டுருங்க. இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

கரண்டு வர்ற வரைக்கும் வெங்காயத்தை அப்படியே வெச்சுட்டுக் கிட்ட வந்து உக்காருங்க. இருட்டுல கத்தி பிடிக்க வேண்டாம். அன்புமணி, நீ மின்சார வாரியத்துல லைன்மேன் வேலை பார்க்கறவன், உனக்கு இருட்டுன்னா வெக்கமா இருக்கும். பரவாயில்லை கண்ணு, நீயும் உக்காரு.

இது என் சிநேகிதன் மாரப்பனோட சகலை பாலுசாமிக்கு நடந்தது. தொண்ணூத்தி நாலு, பங்குனி மாசம்.

மணி பன்னெண்டு. ராத்திரி இல்லீங்க... பகல். ராத்திரியில வர்ற பேய் பொழுதுபோகாம வருது. உச்சி வெயில்ல வருது பாருங்க, அதுக்குத்தான் ஏதோ காரியம் இருக்கு.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போற ரோட்டுல, மேக்கே ஒரு இட்டேரி பிரியும். ரெண்டு பக்கமும் கள்ளி வேலி. நடுவுல ஒரு வண்டி போற அகலம். காக்கா கூட இல்லை. பாலுசாமி தன்னோட டிவிஎஸ் பிப்டியில வாரார். பின்னால கேரியர்ல புதுப் பம்பு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு.

பாதி தூரம் வந்ததும் வண்டி இழுக்கலை. ஏத்தமும் இல்லை, மணலும் இல்லை. பின்னால ஒரு ஆளு ஏறி உக்காந்தா டயரு எப்படி அமுங்கும்... அப்படி அமுங்குது. அப்பறம் ஒரு சத்தம். கிணுங்... கிணுங்... சங்கிலி இரும்புல உரசற மாதிரி. பங்குனி வெயில்ல பிடரியில சில்லுன்னு ஒரு மூச்சு. நனைஞ்ச கம்பளியும் அணைஞ்ச மெழுகுவத்தியும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

பாலுசாமி திரும்பிப் பாக்கலை. நம்ம ஆளுகளுக்குப் பயத்துலயும் மரியாதை போகாது. "ஆருங்க?"ன்னு கேட்டிருக்கார்.

பின்னாலிருந்து பதில் வந்துது. "டேய், மெதுவாப் போடா. கயிறு அறுக்குது."

பாலுசாமிக்குப் பேயுன்னு தெரிஞ்சதை விட, 'டா' போட்டதுதான் சுருக்குன்னுச்சாம்.

அவருக்கு அன்னைக்கு இருந்த அவசரம் வேற. மகன் கிருபாசங்கருக்குக் கருமத்தம்பட்டியில தறி ஓட்டற குடும்பத்துல பொண்ணு பார்த்து, பொண்ணும் சரின்னுருச்சு. லோகப்பிரியான்னு பேரு, நல்ல அம்மணி. அடுத்த ஞாயித்துக்கெழமை பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வாராங்க. ஊடு பாக்கறதுன்னா ஊட்டையா பாப்பாங்க? நேராக் கெணத்து மேட்டுக்குத்தான் போவாங்க. பைப்புல தண்ணி எவ்வளவு கனமா விழுகுதுன்னு பாப்பாங்க. தண்ணி விழுந்தாத்தான் கலியாணம்.

பம்பை இறக்கி மாட்டினாங்க. கெணத்துல தண்ணி கெடக்கு, எட்டிப் பார்த்தா மொகம் தெரியுது. ஸ்டார்ட்டரை அமுக்கினா மோட்டாரு 'உம்ம்ம்'ங்குது. பைப்பு வாயில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அதுக்குப் பதிலா... பனிக்காலத்துல நம்ம வாயிலிருந்து வருமே, அந்த மாதிரி வெள்ளையா ஒரு ஆவி.

மெக்கானிக்கு வந்தான். பிரிச்சான், பூட்டினான். பைப்போட அடியில, தண்ணிக்குள்ளே இருக்கற புட்வால்வை மாத்தச் சொன்னான், மாத்தினாங்க. மோட்டாரு காயில் பாக்கணும்னு கழட்டிட்டுப் போய், எல்லாம் சரியா இருக்குன்னு திருப்பிக் கொண்டாந்தான். வித்த கடைக்காரரு ஒரு நடை வந்து பார்த்துட்டு, பம்பு நல்ல பம்பு, உங்க கெணத்தைத்தான் மாத்தணும்னுட்டுப் போயிட்டார். பாலுசாமி ஸ்பேனரை எடுத்துப் பம்பு மேலயே ஓங்கி ஒரு அடி அடிச்சார்.

"ஏன்டா அடிக்கிற?" உள்ளிருந்து அதே குரலு.

அன்புமணி என்ன கேக்கற? கரண்டு சரியா இருந்துச்சா, மூணு பேஸ் லைனும் வந்துச்சாவா? அதைக் கடைசியில சொல்றேன். குறுக்கே பேசாதே.

பம்புக்குள்ளே இருந்தவரு தன் கதையைத் தானே சொன்னார். அவரு பேரு யுராய். குரோஷியான்னு ஒரு நாடு. அப்ப அங்கே சண்டை நடக்குதுன்னு ரேடியோ செய்தியில அடிக்கடி வரும், அதனால பாலுசாமிக்குப் பேரு பழக்கம். முன்னூறு வருசத்துக்கு முந்தி அங்கே கோட்டை கட்டி வாழ்ந்த குடும்பம். குதிரையில அரை நாள் போனாலும் அவங்க நெலம் முடியாது. யுராயோட அப்பா, வியன்னாவுல இருந்த மகாராசா மேல கோபப்பட்டு வேற ராசாவோட ரகசியமாப் பேசிப்போட்டார். அது வெளியே தெரிஞ்சு தலையை வெட்டிட்டாங்க. கோட்டை போச்சு. நெலம் போச்சு. வெள்ளிக் கரண்டி வரைக்கும் வண்டி கட்டி அள்ளிட்டுப் போனாங்க. அந்தப் பரம்பரைப் பேரை இனி ஒருத்தரும் வாயில சொல்லக் கூடாதுன்னு உத்தரவு.

யுராய்க்கு அப்ப மீசை அரும்பற வயசு. அப்பன் தலையை வெட்டின அதே மகாராசாவோட பட்டாளத்துல போய்ச் சேர்ந்தார். துருக்கிக்காரன்கிட்ட மாட்டி மீண்டு வந்தார். எதுக்கு? நான் அப்பன் மாதிரி இல்லைன்னு காட்டறதுக்கு. ஆரும் பாக்கலை.

பனி கொட்டற ஒரு நாளு, சொந்த மாமன் கோட்டைக்குப் போயிருக்கார். மாமன் கதவைத் தொறந்தார். பார்த்தார். 'வாங்க'ன்னு சொல்லலை. 'போ'ன்னும் சொல்லலை. சும்மா நின்னார். பனி விழுந்து விழுந்து கருப்புக் குதிரை வெள்ளைக் குதிரை ஆயிருச்சாம். கடைசியில இவரே திரும்பிட்டார். அதோட விட்டாரா மாமன்? பையன் மகாராசாவைத் திட்டினான்னு மூட்டி விட்டார். பிடிச்சுச் சங்கிலி போட்டு ஒரு கோபுரத்துல அடைச்சாங்க. சாகற வரைக்கும் வெளியே விடலை. காவல்காரன் கூடப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. அந்த இரும்புக் கதவுல நெத்தியை வெச்சுட்டே இருந்து, நெத்தியை வெச்சபடியே உசுரை விட்டார். உடம்பைப் பொதைச்சாங்க. ஆளு கதவுலயே தங்கிட்டார்.

இந்தக் காலத்துச் சண்டையில கோபுரம் இடிஞ்சு, கதவைப் பழைய இரும்புக்குப் போட்டாங்க. கப்பலேறித் தூத்துக்குடி வந்து, லாரியேறிக் கோயமுத்தூரு வந்து, ஒரு பவுண்டரியில உருக்கிப் பம்பு வார்த்துப்போட்டாங்க. தமிழ் அங்கே கத்துக்கிட்டதுதான். அந்த 'டா' போட்ட பேச்சும் அதனாலதான். கொதிக்கிற இரும்பைத் தூக்கிட்டு வர்றவன், 'ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா'ன்னா கேப்பான்?

"இப்ப உங்களுக்கு என்னதானுங்க வேணும்?"ன்னார் பாலுசாமி.

"ஒருத்தன் என்னை வாசல்ல நின்னு வாங்கன்னு கேக்கணும். அப்பத்தான் தண்ணி."

பாலுசாமிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவரே பெரியப்பன் மகன் கலியாணத்துல தன்னை வாங்கன்னு கேக்கலைன்னு அந்த ஊட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத மனுசன். இது என்ன பெரிய காரியம், சொல்லிப்போடலாம்னு வாயைத் தொறந்தார். பக்கத்துல நின்ன சம்சாரம் குழந்தையம்மா, அவரு வாயிலயே கையை வெச்சு அடைச்சிருச்சு.

"வாங்கன்னா வந்துரும். அப்பறம் அனுப்பறது எப்படி? நம்ம ஊட்டுல ஆரையாச்சும் போங்கன்னு சொல்லியிருக்கமா? போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம். அது போயிட்டு வந்துருமே."

அதுக்கு ஒரு வழியை நானும் இத்தனை வருசமா ரோசிக்கிறேன்.

குழந்தையம்மா அடுத்த நாளே ஆனைமலை போயி, மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசிட்டு வந்துது. நமக்கு அநியாயம் பண்ணினவனுக்கு உடம்பெல்லாம் எரியும்பாங்க. ரெண்டு பேரும் உச்சி நேரத்துல கெணத்து மேட்டுக்குப் போயிக் காது குடுத்துக் கேட்டாங்க. பம்பு எரியவும் இல்லை, கத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு வருத்தமா ஒரு குரலு. "அவ்வளவு தூரம் போனியே. எங்க மாமன் பேருக்கும் ஒரு கை அரைச்சிருக்கலாம்ல?"

ஞாயித்துக்கெழமை வந்துருச்சு.

ஒரு வேன் நெறைய வந்தாங்க. பொண்ணோட அப்பா சாது. கூட வந்த அத்தை சாமியாத்தாள்தான் ஆளு. அது கண்ணுல படாம எறும்பு கூட ஊர முடியாது. வந்ததும் மோர் குடிச்சாங்க. நேராக் கெணத்து மேடு.

பாலுசாமி ஸ்டார்ட்டரை அமுக்கினார். 'உம்ம்ம்.'

எல்லாரும் பைப்பு வாயைப் பார்த்தாங்க. வெள்ளையா ஆவி வந்துது. "இந்தப் பக்கமெல்லாம் தண்ணி இப்படித்தான் வருமுங்களா?"ன்னு கேட்டுது சாமியாத்தாள். வேனுக்குப் பக்கத்துல நின்ன ஒருத்தன் சிரிச்சான். கிருபாசங்கர் தலையைக் குனிஞ்சான். பாலுசாமி மறுபடி அமுக்கினார். 'உம்ம்ம்.' பொண்ணோட அப்பா வாட்ச்சைப் பார்த்துட்டு, பொறப்படலாமுங்களான்னார்.

அதோட பாலுசாமிக்குத் தாங்கலை. பம்புக்கு எதிரே நின்னு ரெண்டு கையும் கூப்பினார்.

"வாங்க. நம்ம ஊட்டுக்கு வாங்க. கை கால் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிட வாங்க."

தங்களைத்தான் சொல்றார்னு நெனச்சு எல்லாரும் திரும்பினாங்க. திரும்பின முதுகுல தண்ணி அடிச்சுது. பைப்பு நெறைஞ்சு, தொட்டி நெறைஞ்சு, வாய்க்கால் தாண்டி ஓடுது. கையை வெச்சா வெரலு மரத்துப் போற சில்லு. பொண்ணோட அப்பா மொகமெல்லாம் பல்லு. சாமியாத்தாளே, பரவாயில்லைன்னு ஒரு சொல்லு சொல்லிருச்சு.

சங்கிலிச் சத்தம் மட்டும்... அவங்களுக்கு முன்னால ஊட்டுப் பக்கமாப் போச்சு. கிணுங்... கிணுங்... பாலுசாமி ஒருத்தருக்குத்தான் கேட்டுது.

பந்தி போட்டாங்க. பருப்பு, ரசம், கெட்டித் தயிரு. எல்லாரும் வயிறாறச் சாப்பிட்டாங்க. இன்னைக்கே நிச்சயத்துக்கு நாள் பாத்துரலாம்னு பேச்சு ஓடுது. கை கழுவ எழுந்தாங்க. சாமியாத்தாள் எழுந்தது அப்படியே நின்னுருச்சு.

வந்தவங்களை விட ஒரு எலை கூட இருந்துது. ஓரத்துல, வாசப்படிக்குப் பக்கத்துல. ஒரு பருக்கை விடாம வழிச்சுச் சாப்பிட்ட எலை. அதை மடிச்சிருந்த விதந்தான் தப்பு. நாம நம்ம பக்கமாத்தானுங்க மடிப்போம்? அது எதிர்ப்பக்கமா மடிச்சிருந்துது. எழவு ஊட்டுல மடிக்கிற மாதிரி.

பாவம், அவருக்குத் தெரியாது. குரோஷியாவுல வாழையிலை ஏது?

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல எழவு எலை மடிச்சு வெச்சது ஆருங்க?"ன்னுது சாமியாத்தாள். கொஞ்ச நேரத்துல வேன் கெளம்பிருச்சு. குழந்தையம்மா வாசல்ல நின்னு, வழக்கம் மாறாம, எல்லாருக்கும் சேர்த்துப் போயிட்டு வாங்கன்னுது.

கருமத்தம்பட்டிக்காரங்க அப்பறம் வரவே இல்லை. லோகப்பிரியாவை அவிநாசிப் பக்கம் குடுத்துட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் பாலுசாமி மம்முட்டியைத் தூக்கிட்டுக் கெணத்து மேட்டுக்குப் போனார். பம்பை ஒடச்சுப்போடணும்னு போனவரு, ஒடைக்கலை. நின்னு கேட்டார். "ஏனுங்க, என் பையன் வாழ்க்கையை இப்படிப் பண்ணிப்போட்டீங்களே?"

பம்புக்குள்ளிருந்து, முதல் தடவையா மரியாதையாப் பதில் வந்துது.

"சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க."

இதாச்சு அஞ்சு வருசம். கிருபாசங்கருக்கு இன்னும் பொண்ணு அமையலை. வர்றவங்க எல்லாரும் தண்ணியைப் பார்த்துச் சந்தோசப்படறாங்க, பந்தியில அந்த ஒரு எலையைப் பார்த்துட்டுப் போயிடறாங்க. குழந்தையம்மா தெனமும் உச்சி நேரத்துல ஒரு எலை சேர்த்துத்தான் போடுது. போடாத நாள்ல அந்தப் பேயி வாசல்ல வந்து நிக்குமாம். ஒன்னும் பேசாது. உள்ளேயும் வராது. வாசக்கல்லு வெயில்ல கொதிக்கும்... அதுல ரெண்டு பாதம் அளவுக்கு மட்டும் ஈரம். தொட்டா, பனி.

அன்புமணி, நீ கரண்டு கேட்டீல்ல கண்ணு? பாலுசாமி தோட்டத்துக்கு இன்னைக்கு வரைக்கும் கரண்டு கனெக்சன் வரலை.