அனுபவசாலிக்கு ஒரு சொல்

ஆரோன் நல்ல பையன், சார். குரோம்பேட்டையிலிருந்து வரும்போதே எல்லோருக்கும் சூடாக வடை வாங்கி வருவான்.

கிளிங்கான் என்பது ஒரு வெளிநாட்டு டி.வி. தொடரில் வேற்றுக்கிரகத்தார் பேசும் மொழி. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த பன்னிரண்டு பக்கங்களை வைத்துக்கொண்டு, 2003 முதல் ஞாயிறு காலைகளில் செம்பாக்கம் ஏரிக்கரையில் அதைச் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆரோனும் ஹெப்சியும்தான் மாணவர்கள். அனுபவசாலிக்கு என்ன சொல் என்று ஒருநாள் ஹெப்சி கேட்டாள். என் பக்கங்களில் அது இல்லை. 'கொர்தாக்' என்றேன். அந்தக் கணத்தில் வாயில் வந்ததுதான். அன்றிலிருந்து இருவரும் என்னை அப்படியே அழைத்தார்கள். பதினெட்டு வருட சர்வீஸுக்குப் பிறகும் ஆபீசில் என்னை 'ஏம்ப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள், சார்.

2005 மழையில் ஏரி நிரம்பிக் கிடந்தது. ஆரோன் அமெரிக்காவிலிருந்து ஓர் அகராதியை வரவழைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"அண்ணா, கொர்தாக்னு ஒரு வார்த்தையே இதுல இல்லண்ணா. நல்லாத் தெரிஞ்சவங்கள போவின்னு சொல்லணுமாம். புதுசா ஆரம்பிக்கிறவங்க தக்வி."

"அப்போ நாம மூணு பேருமே தக்விதான்" என்று ஹெப்சி சிரித்தாள்.

ஆரோன் சிரிக்கவில்லை. "பரவால்லண்ணா, முதல்லேர்ந்து படிக்கலாம். நான் சொல்லித்தரேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதை யோசித்து முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு இல்லையென்று ஹெப்சிக்கு மட்டும் போன் செய்தேன். கரையில் ஆரோனிடம் அகராதியைக் கேட்டு வாங்கினேன். கை தவறி விழுந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எறிந்தேன். கவரோடு மிதந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதேண்ணா."

"முழங்கால் தண்ணிதான்டா. இறங்கு."

அங்கே மண் அள்ளிய பள்ளம் இருக்கிறது, இரண்டு ஆள் ஆழம். அதே ஏரியில் நீந்தி வளர்ந்தவன் நான். தெரிந்தேதான் சொன்னேன். நம்பி இறங்கினான். "அண்ணா" என்று மூன்று முறை கூப்பிட்டான். கொர்தாக் என்று ஒரு முறை கூப்பிட்டிருந்தால் குதித்திருப்பேன், சார்.

அகராதி கரை ஒதுங்கியதும் எடுத்துத் துடைத்து வைத்தேன். மறு ஞாயிறும் ஆறு மணிக்கே போய்க் காத்திருந்தேன். ஹெப்சி வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த அக்கறையே இல்லை.